தீபன் நடை

எங்கள் மைதானத்தில் கையைத் தூக்கினால் செத்துவிட்டதாக அர்த்தம். உடம்பில் எங்காவது பெயின்ட் உருண்டை பட்டு உடைந்தால் வலது கையை உயரத் தூக்க வேண்டும். "அவுட்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்துவிட வேண்டும். அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தால் திட்டு விழும். வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு, அதற்கு நாங்கள் வைத்த பெயர் சுடுகாடு. யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று செத்தவருக்குத் தெரியும் அல்லவா, அதனால் சுடுகாட்டில் உட்கார்ந்தவர் ஆட்டம் முடியும் வரை வாயைத் திறக்கக் கூடாது. கையைத் தூக்கியவரை எவரும் சுட மாட்டார்கள். சுட்டவரை அதற்குப் பிறகு ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டோம்.

இந்த விதிகளை எழுதியவள் நான்தான். பெயர் கோகிலவாணி, அணியில் எல்லோருக்கும் வாணிக்கா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தேன். தையல் பிசகிய உருப்படியைக் கண்டுபிடித்துக் கூடையில் எறிவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பல்லடம் சாலையில் மூடிக் கிடக்கும் ஒரு பழைய பஞ்சாலைக்குள் பெயின்ட்பால், அதாவது பெயின்ட் உருண்டை சுடும் துப்பாக்கி விளையாட்டு. முப்பத்தெட்டு வயதுப் பொம்பளை மூஞ்சியில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பஞ்சுப் பொதிக்குப் பின்னால் தவழ்கிறாள் என்று சொந்தபந்தம் சிரித்தது. சிரித்தவர்களில் நான்கு பேரைக் கூட்டி வந்து ஒரு தடவை ஆடவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் சிரிக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லித் தருவது கொஞ்சந்தான். ஒரே இடத்திலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்க்காதே. சுவருக்கு மேலே தலையை நீட்டாதே, பக்கவாட்டில் பார். எதிராளி உருண்டை நிரப்பும்போது நகரு. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள், இல்லையென்றால் உன் நிழல் உனக்கு முன்னால் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் சுட்டுச் சுட்டு எதிராளியைக் குனிய வைக்க வேண்டும், அதற்குள் இன்னொருவர் பக்கவாட்டில் சுற்றிப் போய்விட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அடுத்தவருக்குப் பார்க்கப் பிடிக்காத இடத்தில் இரு. ஆட்கள் வாசலைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், ஆலையின் பழைய கக்கூஸ் சுவரைப் பார்க்க மாட்டார்கள். நான் ஜெயித்ததில் பாதி அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான்.

என் தம்பி தீபனுக்கு இதில் ஒன்றுகூட வரவில்லை. ஆறடி உயரம், பஞ்சுத் தூசி பட்டால் தும்மல். எங்கே ஒளிந்தாலும் ஐந்தாவது நிமிடம் தும்மிவிடுவான். எந்த ஆட்டத்திலும் முதலில் செத்தவன் அவன்தான். கையைத் தூக்கிக்கொண்டு, "அவுட்டு, அவுட்டு" என்று ஏதோ பந்தியில் இடம் கிடைத்ததைச் சொல்வது மாதிரி உற்சாகமாகக் கத்திக்கொண்டு போவான். வழியில் நான் எங்கே பதுங்கியிருந்தாலும் என் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான். பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடுமாம். அந்த அளவுக்கு அவனிடம் ஒழுங்கு இருந்தது.

வார நாட்களில் அவன் தாராபுரம் பக்கம் ஒரு சோலார் மின் நிலையத்தில் டெக்னீஷியன். அவன் மனைவி ரேணு ஒரு நாளும் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. அவளுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பெயின்ட் கறை படிந்த டீஷர்ட்டுகள். துவைத்துத் துவைத்து, கறையைப் பார்த்தே ஆட்டத்தைச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டாள். நெஞ்சில் கறை இருந்தால் எட்டிப் பார்த்து மாட்டியிருக்கிறார், முதுகில் இருந்தால் திரும்பி ஓடியிருக்கிறார். அவள் சொன்னது தப்பியதே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் அணியில் பிரகலாதன் சேர்ந்தான். காவல் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நன்றாக ஆடுவான், தோற்றால் முகம் சுருங்காது. ஒரு நாள் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது என்னிடம் விஷயத்தை ஆரம்பித்தான். சோலார் நிலையங்களில் செம்புக் கம்பித் திருட்டு தாங்கவில்லை. ஆட்களைக் காவலுக்குப் போட்டால் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் முட்டி உயரத்தில் நாலு கால் இயந்திரம் ஒன்று செய்திருக்கிறார்கள். ரப்பர் குண்டு சுடும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தடதடவென்று நேராக ஓடி வருகிறது, திருடன் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அதற்குப் பதுங்கத் தெரிய வேண்டும் என்றான்.

"அதுக்கு விதியா எழுதிக் குடுக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"முடியாதுங்க வாணிக்கா. நம்ம ஆட்டத்தப் பாத்துப் பாத்து அதுவாத்தான் கத்துக்கோணும். எல்லார் மாஸ்க்குலயும் கேமரா வெச்சுருவோம். ஆனா இது பதுங்கறது, இது வளைக்கறது, இது தாக்கறதுன்னு ஒவ்வொரு துண்டுக்கும் பேரு மட்டும் மனுசங்கதான் வெக்கோணும்."

"பேரு வெக்காம உட்டுட்டா?"

"பேரில்லாதது அதுக்கு இல்லவே இல்லைங்க. உலகத்துலயே அப்படி ஒண்ணு நடக்கறதில்லன்னு நெனச்சுக்கும்."

பெயர் வைக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டான். பனியன் கம்பெனியை விட்டேன். ஏசி அறை, நல்ல நாற்காலி, முன்னால் பெரிய திரை. திங்கள் முதல் வெள்ளி வரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துப் பெயர் வைத்தேன். கம்பெனி கொடுத்த பட்டியலில் நாற்பது பெயர் இருந்தது. அதில் அடங்காததற்கு நானே வைத்துக்கொள்ளலாம். 'கக்கூஸ் சுவர்' என்றுகூட ஒரு பெயர் இருந்தது, என் கைங்கரியம்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே பழைய பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. பிசகியதைத் தனியே எடுத்துக் கூடையில் போடு. ஒருவர் கையைத் தூக்கி அவுட் ஆன பிறகு வெளியே நடப்பதில் என்ன தந்திரம் இருக்கிறது? அதைப் பார்த்து இயந்திரம் என்ன கற்கப் போகிறது? செத்தவர்கள் நடப்பதையெல்லாம் வெட்டிவிடலாமா என்று பிரகலாதனைக் கேட்டேன். யோசித்துவிட்டு, நல்லதுதான், இடம் மிச்சம் என்றான். அன்றிலிருந்து கை உயர்ந்த நொடியிலேயே வெட்டினேன். அதிகம் வெட்டுப்பட்டவன் என் தம்பி.

ரப்பர் குண்டுக்குப் பதில் பெயின்ட் உருண்டை போட்டு எங்களோடு ஆட ஆலைக்குக் கொண்டு வந்த இயந்திரத்துக்கு தீபன் ஜிம்மி என்று பெயர் வைத்தான். முதல் ஆறு மாதம் ஜிம்மி எங்களுக்குச் சிரிப்புப் பொருள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒளியும். பொதிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வரத் தெரியாமல் காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கக்கூஸ் சுவரை நோக்கித் தவழ்ந்து போனால், அங்கே அது எனக்கு முன்னாடியே படுத்திருந்தது. என் நெஞ்சில் மஞ்சள் பெயின்ட் உடைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, உண்மையாகவே பெருமையாக இருந்தது.

ஜிம்மியோடு ஆடும்போது அது கையைத் தூக்கியவரை ஒரு நாளும் சுட்டதில்லை. பட்டவுடன் எங்கள் மாஸ்க் அந்தச் செய்தியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும், அந்த ஆள் அதன் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார் என்பது பிரகலாதனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை எத்தனை நாள் நினைவில் வைத்துக்கொண்டிருக்க முடியும்? பார்ப்பதற்கு அது விதியை மதிப்பது மாதிரிதான் இருந்தது. தீபன் ஒரு தடவை அவுட் ஆகிப் போகும்போது அதன் முதுகில் தட்டிவிட்டு, "பாத்தியாக்கா, ஜிம்மிக்குக்கூட மருவாதி தெரியுது" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தீபன் தன் வாழ்க்கையின் ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்தான். பெங்களூரிலிருந்து அடிக்கடி வந்து ஆடும் ஓர் அணியோடு ஆட்டம். எங்களில் இரண்டு பேர்தான் மிச்சம், அதிசயமாக அதில் ஒருவன் தீபன். அவர்களில் ஐந்து பேர். திடீரென்று தீபன் கையைத் தூக்கிக்கொண்டு, துப்பாக்கியைத் தொங்கவிட்டு, பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே அவர்கள் பக்கமாக நடந்து போனான். வாயைத் திறந்து அவுட் என்று சொல்லவில்லை. சொன்னால்தானே பொய். எப்போதும் முதலில் சாகிற நெட்டையன்தானே என்று எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஐந்து பேரையும் சுட்டான்.

அணி அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு தடவை அதையே செய்தான். மூன்றாவது தடவை நான் ஆட்டத்தையே நிறுத்தினேன். எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். நாளைக்கு ஒருவர் நிஜமாகக் கையைத் தூக்கினால் எவன் நம்புவான் என்று கேட்டேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. வண்டியை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"கோவிச்சுக்காதக்கா. இனிமே கையத் தூக்குனா நெசமாத்தான் தூக்குவேன். போதுமா?"

போதும் என்றேன். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்தான்.

திங்கட்கிழமை, முன்பே ஒதுக்கி வைத்திருந்த இரண்டோடு சேர்த்து, அந்த மூன்று துண்டுகளும் திரையில் வந்து நின்றன. கை உயர்கிறது, ஆனால் இவர் அவுட் இல்லை. கூடையில் போட முடியாது, ஏனென்றால் இது தாக்குதல், அதுவும் கெட்டிக்காரத்தனமான தாக்குதல். பட்டியலில் இதற்குப் பெயர் இல்லை. நான் புதிதாக ஒரு பெயரைத் தட்டினேன்: தீபன் நடை. வகை என்ற இடத்தில் 'தாக்குதல்' என்று போட்டேன். எனக்குள் சிரித்துக்கொண்டேதான் போட்டேன்.

அடுத்த வருடம் ஜிம்மிகள் விற்பனைக்குப் போயின. நூற்று அறுபது இயந்திரங்கள், எட்டு மின் நிலையங்கள். தீபன் வேலை செய்த இடத்துக்கும் ஆறு வந்தன. அவனுக்கு ஒரே சந்தோஷம். எங்க ஜிம்மிங்க, எங்கக்கா வளத்ததுங்க என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் பீற்றிக்கொண்டானாம்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், காலை பதினொன்றரை மணி. இன்வெர்ட்டர் ஒன்று பழுதாகி தீபன் உள்ளே போயிருக்கிறான். ஊழியர்கள் சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருப்பார்கள், அது இருந்தால் ஜிம்மி நெருங்காது. தாராபுரத்துச் சித்திரை வெயில். வேர்வையில் தொப்பலாகி, சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு பனியனோடு வேலை செய்திருக்கிறான். சோலார் பலகை வரிசை ஒன்றைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போயிருக்கிறான். அட்டை சட்டையோடு அங்கேயே தொங்கியது. அவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

மற்றதை நான் நிலையத்துக் கண்காணிப்புக் கேமராவின் படத்தில் பார்த்தேன். இரண்டு ஜிம்மிகள் வந்தன. நிழல் முன்னால் விழாத பக்கமாக வந்தன. அவன் ஸ்பேனரைத் திருகும்போது நகர்ந்தன, நிமிரும்போது நின்றன. நான் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு பிசகு இல்லாமல். முதல் ரப்பர் குண்டு அவன் வலது தோள்பட்டையின் பின்பக்கம் பட்டது. திரும்பிப் பார்த்தான். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள், குப்புற விழுந்திருப்பார்கள், அல்லது சட்டை இருந்த இடத்துக்காவது பாய்ந்திருப்பார்கள். தீபன் அவற்றைப் பார்த்துச் சிரித்தான். ஸ்பேனரைக் கீழே வைத்தான். வலது கையைத் தூக்கினான். படத்தில் சத்தம் கிடையாது, ஆனால் உதடு அசைவது தெரிகிறது. அவுட்டு, அவுட்டு. பிறகு திரும்பி, வாசலை நோக்கி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தான்.

வாசலுக்கு நாற்பத்தோரு அடி வைக்க வேண்டும். இருபத்தாறு வைத்தான். ஒவ்வொரு குண்டுக்கும் உடம்பு துள்ளியது, கை மட்டும் இறங்கவில்லை. ஒரு குண்டு காதுக்குக் கீழே பட்டது.

அவன் என்னிடம் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பிரகலாதன் வீட்டுக்கு வந்தான். அவனுக்கும் சோறு இறங்கியிருக்காது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விசாரணைக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள், மூன்று பேர். இயந்திரத்தின் பதிவைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். நேரம், தூரம், குண்டு எண்ணிக்கை என்று வரிசையாக இருந்தது. கடைசி வரியில், சுட்டதற்குக் காரணம் என்ற இடத்தில், 'தீபன் நடை. வகை: தாக்குதல். உறுதி: 97 சதவீதம்.'

அந்தக் கடைசி வரியை மறுபடியும் படித்தேன். இருநூறு தடவைக்கு மேல் அவன் நிஜமாகச் செத்து நடந்ததையெல்லாம் நான் கூடையில் எறிந்தேன். மூன்று தடவை பொய்யாகச் செத்ததை மட்டும் பத்திரப்படுத்திப் பெயரும் வைத்தேன். ஜிம்மிக்குத் தெரிந்த உலகத்தில் கையைத் தூக்கி நடக்கிற மனிதர் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள்தான். அது என் தம்பியை அடையாளம் தெரியாமல் சுடவில்லை. அவனிடமிருந்து கற்றதை வைத்துத்தான் சுட்டது.

பிரகலாதன் மெதுவாகப் பேசினான். இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று குழுவுக்குப் புரியவில்லை. இயந்திரம் எப்படியோ ஆளின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். கேமராக் கோளாறு என்று முடித்துவிடலாம் என்பது கம்பெனியின் எண்ணம். "என்னன்னு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் வாயத் தொறந்தா உங்க பேரும் வரும். நீங்களே முடிவு பண்ணுங்க வாணிக்கா."

பதினோரு நாள் நான் பேசவில்லை. அவமானம் ஒரு பக்கம். ரேணு முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் செத்தவன் தலையிலேயே பழியைப் போடுவார்கள் என்ற சாக்கும் கைவசம் இருந்தது. நூற்று அறுபது ஜிம்மிகளும் எட்டு ஊரில் பதுங்கிக்கொண்டுதான் இருந்தன. அது எனக்குத் தெரியாமல் இல்லை. சுடுகாட்டுப் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்குப் பழகிப்போன வேலை.

பன்னிரண்டாம் நாள் ரேணு வீட்டுக்குப் போனேன். அவனுடைய டீஷர்ட்டுகளைத் தரையில் பரப்பி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். போகாத கறைகள், மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. நான் உட்கார்ந்ததும் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அண்ணி, கம்பெனியில இருந்து ஒரு ஆளு வந்தாருங்க. இவரு கையத் தூக்குனது படத்துல இருக்குதாம், ஆனாத் தாக்கத்தான் போனாருன்னு மெஷின் சொல்லுதாம். அன்னைக்கு இவரு ஏமாத்துனாருங்களா?"

நான் ஒரு டீஷர்ட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவளே தொடர்ந்தாள்.

"கடைசியா நாந்தானுங்க ஒடம்பத் தொடச்சேன். பதினாலு காயம். அத்தனையும் பின்னால. நெஞ்சுல ஒண்ணுகூட இல்லீங்க. தாக்கப் போனவனுக்கு எப்படி அண்ணி அத்தனையும் முதுகுல இருக்கும்?"

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கூடையில் எறிந்தது, பெயர் வைத்தது, பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எதையும் விடவில்லை. என்னைத் திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். ஒரு டீஷர்ட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். ரொம்ப நேரம் அதையே செய்தாள்.

"அதுக்குத் தெரியலன்னா சொல்லிக் குடுங்க," என்றாள் கடைசியில். "உங்களுக்குத்தான் நல்லாச் சொல்லிக் குடுக்கத் தெரியுமே."

குழுவின் முன்னால் போய் நின்று சொன்னேன். நாளிதழில் என் படம் வந்தது. தம்பியைக் கொன்ற அக்கா என்று எவரும் எழுதவில்லை, ஆனால் படிக்கிறவர்கள் அப்படிப் படித்துக்கொள்ள ஏதுவாக எழுதியிருந்தார்கள். நூற்று அறுபது ஜிம்மிகளையும் நிறுத்தி வைத்தார்கள். திருத்தினால்தான் மறுபடி ஓடலாம் என்று உத்தரவு. திருத்துவதற்குத் துண்டுகள் வேண்டும். வெட்டி எறிந்ததில் எதையும் வைத்திருக்கவில்லை. நிஜமாகத் தோற்று, கையைத் தூக்கி நடக்கிற மனிதர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றான் பிரகலாதன்.

இரண்டு மாதம் ஆடினோம். எங்கள் அணி, பழைய எதிரணிகள், பெங்களூரிலிருந்து அந்த ஐந்து பேரும். யாரும் ஒளியவில்லை, யாரும் வளைக்கவில்லை. எழுந்து நிற்பது, பெயின்ட் வாங்குவது, கையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. முதல் நாள் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சிமென்ட் பெஞ்சில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். ஆலை முழுக்க ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பெயர் வைக்கிற நாள் வந்தது. சரணடைதல் என்று போடலாமா என்று பிரகலாதன் கேட்டான். தீபன் சரணடையவில்லை, ஆட்டத்தில் பட்டுவிட்டான், விதிப்படி வெளியே போனான் என்றேன். பழைய மூன்று துண்டுகளைத் தேடி எடுத்தேன். அதில் இருந்த பெயரை அழித்துவிட்டு 'பொய் நடை' என்று தட்டினேன். அதையும் இனிச் சுடக் கூடாது, தள்ளி நின்று கவனித்தால் போதும் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கியிருந்தோம். புதிய துண்டுகளில் முதலாவதாகச் சோலார் நிலையத்துப் படத்தை வைத்தேன். இருபத்தாறு அடி. அதற்கும், அதைத் தொடர்ந்து வந்த நாலாயிரத்துச் சொச்சத்துக்கும் 'தீபன் நடை' என்று பெயர் கொடுத்தேன். வகை என்ற இடத்தில், அவுட்.

சோதிக்க ஒரு பொம்மையை அனுப்பலாம் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். மாஸ்க் வேண்டாம், அட்டை வேண்டாம், குண்டு நிஜ ரப்பர் குண்டாகவே இருக்கட்டும் என்றேன். பிரகலாதன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். கடைசியில் தலைக்கவசமும் கழுத்துப் பட்டையும் மாட்டினால்தான் என்று அடம்பிடித்தான், அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டேன். பஞ்சாலையில் சுடுகாட்டுப் பெஞ்சிலிருந்து நாற்பத்தோரு அடி எண்ணிச் சுண்ணாம்பில் கோடு போட்டோம். காலை பத்து மணி. முதல் தடவையாக ரேணு மைதானத்துக்கு வந்தாள். அது என்ன பெஞ்சு என்று தெரியாமல் அதில் போய் உட்கார்ந்தாள்.

கோட்டில் நின்று ஸ்பேனர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டேன். ஜிம்மி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக வளர்த்திருந்தேன். தோள்பட்டைக்குப் பின்னால் குண்டு பட்டதும் உயிர் போகிற வலி. இந்த வலியில் அவன் எப்படிச் சிரித்தான்? ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கையைத் தூக்கினேன். "அவுட்" என்றேன். அவனைப் போலவே மறுபடி ஒரு தடவை சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

பத்து. பதினைந்து. ஒவ்வோர் அடியிலும் முதுகு அடுத்த குண்டுக்காகக் காத்திருந்தது. இருபத்தாறாவது அடியில் என் கால் தானாக நின்றுவிட்டது. சுட்டுவிடு என்று நினைத்தேன். சுட்டால் நல்லது என்றே நினைத்தேன். என் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இருபத்தேழாவது அடியை எடுத்து வைத்தேன்.

பெஞ்சை அடைந்தபோது பிரகலாதன் தன் திரையை என் பக்கம் திருப்பினான். விரலால் கடைசி வரியைக் காட்டினான். 'தீபன் நடை. வகை: அவுட். உறுதி: 98 சதவீதம். சுட வேண்டாம்.' பஞ்சுப் பொதிக்கு அந்தப் பக்கம் ஜிம்மி தன் துப்பாக்கிக் குழாயைத் தரைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது.

என் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. இறக்கத் தோன்றவில்லை. ரேணு எழுந்து வந்து, அதைப் பிடித்து மெதுவாக இறக்கி, என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து பெஞ்சு வரைக்கும் தரையை ஒரு தடவை பார்த்தாள்.

"இவ்வளவு தூரந்தானுங்களா, அண்ணி?" என்று கேட்டாள்.

சுடுகாட்டில் உட்கார்ந்தவர் பேசக் கூடாது. நான் பேசவில்லை.